காமிராவுக்குப் பின்னால் நஸ்ரின்

நஸ்ரின், இதை நீ படிக்கப் போவதில்லை, கேட்கப் போகிறாய். தமிழ் பேசினால் உனக்குப் புரியும், எழுத்து வராது. சின்ன வயசில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன் உம்மா உன்னைக் கொஞ்ச நாள் கூட்டிக்கொண்டு போனாள். அப்புறம் அதே நேரத்துக்கு உனக்கு பாஸ்கெட்பால் பிராக்டிஸ் வந்துவிட்டது, அத்தோடு தமிழ் முடிந்தது. அதனால் எழுதி முடித்ததும் நானே இதை உரக்க வாசித்து, கம்ப்யூட்டரில் பதிவு பண்ணி உனக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். ஆங்கிலத்திலேயே எழுதியிருக்கலாம்தான். ஆனால் என் ஆங்கிலம் மருந்து கம்பெனி லேபில் ரிப்போர்ட் எழுதிப் பழகிய ஆங்கிலம். ஒரு மாத்திரை தண்ணீரில் எப்படிக் கரைகிறது என்று அதில் எழுத வரும். மகளிடம் சொல்ல வேண்டியது அதில் வராது.

அடுத்த மாதம் ஃப்ரீமான்ட்டில் உனக்கு நிக்காஹ். ஹால், பிரியாணி, பத்திரிகை எல்லாவற்றையும் நீயும் ஃபர்ஹானும் ஈமெயிலிலேயே முடித்துவிட்டீர்கள். "நான் என்ன செய்யணும் மா?" என்று கேட்டால், "நீங்க வந்தா போதும் வாப்பா, ஆல் செட்" என்கிறாய். சரி என்று போனை வைத்துவிட்டு இந்த ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டில் அங்குமிங்கும் நடக்கிறேன். கல்யாண வீட்டுக்குரிய ஒரு சத்தமும் இங்கே இல்லை. ஃப்ரிட்ஜ் ஓடுவது கேட்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் கராஜ் கதவைத் திறப்பது கேட்கிறது. உனக்கு நான் நகை, துணி என்று என்னவோ வாங்கித்தான் வைத்திருக்கிறேன். அதெல்லாம் யாரும் வாங்கித் தரலாம். நீ அந்தப் பெண்கள் பாஸ்கெட்பால் டீமில் வேலை பார்த்த வருஷங்களில் இந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதை நான் மட்டும்தான் சொல்ல முடியும். உனக்கு அதில் பாதிதான் தெரியும்.

உன் உம்மா இருந்தவரை நீயும் நானும் நேராகப் பேசிக்கொண்டதே இல்லை. நமக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. நீ அவளிடம் சொல்வாய், அவள் என்னிடம் சொல்வாள். "அவ டிரிப் போகணுமாம், அனுப்பட்டுமா?" என்பாள். "போகட்டும்" என்பேன். அது உனக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சாயங்காலம் நான் வேலையிலிருந்து வரும்போது டிரைவ்வேயில் நீ பந்து போட்டுக்கொண்டிருப்பாய். கார் போக ஒதுங்கி நிற்பாய். நான் கையைத் தூக்குவேன், நீ பந்தைத் தரையில் ஒரு தட்டு தட்டுவாய். நம் இரண்டு பேருக்கும் பேச்சு அவ்வளவுதான், அது போதும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் மவுத்தான பிறகுதான் தெரிந்தது, நம் இருவருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்த வயர் அவள் என்று. நீ படிப்பை முடிக்க டெக்சாஸுக்குத் திரும்பிப் போனாய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணினாய். "சாப்டீங்களா வாப்பா?" "சாப்டேன். நீ?" "யா." அப்புறம் நீ மூச்சு விடுவது எனக்குக் கேட்கும், நான் மூச்சு விடுவது உனக்குக் கேட்டிருக்கும். "ஓகே வாப்பா" என்பாய். எனக்கும் அது ஒரு விடுதலை மாதிரி இருக்கும். வைத்தபிறகு அந்த விடுதலையை என்ன செய்வது என்று தெரியாது.

அந்த வேலை கிடைத்ததையும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னாய். டெக்சாஸிலேயே ஒரு புரொஃபெஷனல் பெண்கள் பாஸ்கெட்பால் டீம், அவர்களுடைய வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வீடியோ எடுத்துப் போட வேண்டும் என்றாய். நான் "ம்" என்றேன். எனக்கு அது வேலை என்றே பிடிபடவில்லை. ஆட்டம் என்றால் டிவியில் வரும், பேப்பரில் வரும், நடுவில் வெப்சைட் எதற்கு? ஐசலினில் ஓக் ட்ரீ ரோடுக்குக் கறி வாங்கப் போனால் தெரிந்த ஆன்ட்டிகள் யாராவது, "நஸ்ரின் இப்ப என்ன பண்றா?" என்று கேட்பார்கள். "கம்ப்யூட்டர்" என்பேன். அவர்களுக்கும் அது போதுமானதாக இருந்தது.

அப்புறம் உன்னிடமிருந்து ஒரு ஈமெயில் வந்தது. அதில் ஒரு லிங்க், கீழே, "வாப்பா, நான் பண்றது இதுதான்" என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. லேபில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் திறந்து பார்த்தேன். அங்கே கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் கிடையாது. ரொம்ப உயரமான ஒரு பெண், ஐஸ் நிறைந்த தொட்டிக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காமிராவுக்குப் பக்கத்தில் இருக்கும் யாருடனோ பேசுகிறாள், முகத்தைச் சுளிக்கிறாள், பிறகு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். யாரோடு பேசுகிறாள் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து போட்டால், நம் பழைய போன் லைனில் படம் கொஞ்சம் நகரும், நின்றுவிடும், மறுபடி கொஞ்சம் நகரும். அந்த வாரமே கேபிள் கம்பெனிக்கு போன் பண்ணி வேகமான இன்டர்நெட் போடச் சொன்னேன். வந்த ஆள் வயரை இழுத்துக்கொண்டே, "ஆபீஸ் வேலைக்கா சார்?" என்றான். "பாஸ்கெட்பால் பார்க்க" என்றேன். கைலி கட்டிக்கொண்டு நின்றிருந்த என்னை ஒரு முறை பார்த்தான். "எந்த டீம்?" சொன்னேன். "சார், அது பெண்கள் டீமாச்சே." "தெரியும்பா" என்றேன்.

ஸ்பீக்கரைச் செருகி மறுபடி போட்டபோதுதான் தெரிந்தது, அந்தப் பெண் பேசிக்கொண்டிருந்தது உன்னோடு என்று. அங்கே பேச்செல்லாம் ஆங்கிலம்தான், நான் நம் பாஷையிலேயே சொல்கிறேன். "ஓகே, நிஜமாச் சொல்லு, எவ்வளவு ஜில்லுன்னு இருக்கு?" என்று நீ கேட்கிறாய். "நீ உள்ள இறங்கிப் பாரேன் நாஸ்" என்கிறாள் அவள். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னால் ஹாலில் உட்கார்ந்துதான் கேட்டிருக்கிறேன். சமையலறையில் நீயும் உம்மாவும் எதையோ பேசிச் சிரிப்பீர்கள். தண்ணி குடிக்க நான் உள்ளே வந்தால் நின்றுவிடும். இப்போது யாரோ முன்பின் தெரியாத ஒருத்தியின் ஐஸ் தொட்டிப் பக்கத்திலிருந்து அது வருகிறது. நிற்கவும் இல்லை. முதலில் எனக்குக் கோபம்கூட வந்தது. உன் உம்மா யோசித்து யோசித்து வைத்த பேர் நஸ்ரின், இவர்கள் யார் நாஸ் என்று வெட்டிக் கூப்பிட? ஆனால் மறுபடியும் போட்டுக் கேட்டேன்.

அதிலிருந்து தினம் மஃரிப் தொழுதுவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது வழக்கமாகிவிட்டது. நீ ஒரு படத்திலும் தெரியமாட்டாய். எல்லாப் படத்திலும் உன் குரல் இருக்கும். உன் குரலை வைத்தே அன்றைக்கு உனக்கு உடம்பு சரியில்லை, நன்றாகத் தூங்கியிருக்கிறாய், யார்மேலோ எரிச்சலில் இருக்கிறாய் என்றெல்லாம் கண்டுபிடிப்பேன். அப்படியே அந்த ஆட்டமும் எனக்குப் பழகிவிட்டது. டிவியில் உங்கள் ஆட்டத்தை எப்போதாவதுதான் காட்டினார்கள், பேப்பரில் மூலையில் ஒரு வரி வந்தால் பெரிசு. அதனால் உங்கள் ஆட்டக்காரர்களுக்கு அந்த வெப்சைட்தான் டிவி, அதுதான் பேப்பர். ஆட்டம் நடக்கும்போது நம்பர்கள் தானாக மாறும் ஒரு பக்கம் இருந்தது, அதற்குக் கீழே நீ வரி வரியாக டைப் பண்ணுவாய். தோற்கும்போது எழுத்துப்பிழை அதிகமாக வரும். பிறகு ஆட்டத்தையே நேரடியாக வெப்பில் காட்ட ஆரம்பித்தார்கள். பார்க்கிறவர்கள் ஓரத்தில் அரட்டை அடிப்பார்கள். நான் எதுவும் எழுதியதில்லை. நடுவில் படம் நின்று வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

லொரெய்ன் விஷயத்தை நீ எப்படிச் சமாளித்தாய் என்று எனக்குத் தெரியும். எல்லாம் கண்ணுக்கு முன்னால்தானே நடந்தது. உங்கள் டீமிலேயே வயசில் மூத்தவள் அவள், லூசியானா பக்கத்துப் பெண், முழங்கால் இரண்டிலும் எப்போதும் கட்டு. சின்னப் பெண்களெல்லாம் காமிராவைப் பார்த்தால் ஆடிப்பாடுவார்கள், இவள் மட்டும் துண்டை எடுத்து லென்ஸ் மேல் போடுவாள். "பந்து போடத்தான் எனக்குச் சம்பளம், கம்ப்யூட்டருக்கு இல்ல" என்று அவள் சொல்வது கேட்கும், படம் வெள்ளையாக இருக்கும். ஒரு நாள் நீ, "சரி, நீயே எடு" என்று காமிராவை அவள் கையில் கொடுத்துவிட்டாய். அவள் எடுத்த முதல் படத்தில் தரையும் ஷூவும்தான் தெரிந்தன. அப்புறம் அவளுக்குப் பிடித்துப் போயிற்று. விமானத்தில் மற்றவர்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு கால் நீட்ட இடமில்லாமல் தவிப்பது, ஹோட்டலில் வாஷிங் மெஷின் முன்னால் சில்லறை தேடுவது என்று எல்லாவற்றையும் எடுத்தாள். எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் அவளுக்கு எழுதினார்கள். "இந்தக் கீபோர்டைக் குழந்தைங்களுக்குச் செஞ்சிருக்காங்க" என்று திட்டிக்கொண்டே ஒற்றை விரலால் ஒவ்வொருவருக்கும் பதில் போட்டாள். உடை மாற்றும் அறைப் பக்கம் காமிரா கூடாது என்று, இந்த ஆட்டங்களையெல்லாம் நடத்தும் லீக்கிலிருந்து முதலில் கண்டித்தவர்கள், பிறகு அவள் எடுத்த படத்தையே லீக் வெப்சைட்டின் முதல் பக்கத்தில் போட்டார்கள். அன்றைக்கு எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரும் இல்லை. ஐசலின் கறிக்கடைப் பையனிடம், "லீக் வெப்சைட்ல முதல் பக்கத்துல என் மக வேலை வந்திருக்கு" என்றேன். "அப்படியா அங்கிள், கிரிக்கெட்டா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் உன்னிடம் நான் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கலாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்ல நினைப்பேன். நீ "சாப்டீங்களா" என்றதும் "சாப்டேன்" என்பதுதான் வாயில் வரும். நீ அனுப்பிய ஈமெயிலுக்குப் பதில் போடாமல் நாள் போய்விட்டது. நாள் போகப் போக, திடீரென்று "எல்லாத்தையும் பாக்குறேன் மா" என்று சொல்வது ஹாலில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டதைச் சொல்வது போல வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் அந்த ஏர்போர்ட் வீடியோ வந்தது. ஏதோ ஒரு ஊரில் விமானம் தாமதம். லொரெய்ன் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டு வருகிறாள். சுவரோரம் பிளக் பாயின்ட் பக்கத்தில், தரையில், மடியில் லேப்டாப்போடு நீ உட்கார்ந்திருந்தாய். பேப்பர் கப்பில் பாலில்லாமல் சீரியலைப் போட்டுத் தின்றுகொண்டிருந்தாய். அவ்வளவு நாள் குரலாகவே இருந்தவளை அன்றைக்குத்தான் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "இதுதான் நாஸ்" என்கிறாள் லொரெய்ன். "எங்களை உலகத்துக்குக் காட்டுறவ இவதான். சாப்பிட மாட்டா, தூங்க மாட்டா. ஏய் நாஸ், உன்னை யார் பாக்குறாங்க வீட்ல?" நீ நிமிராமலே, "யாரும் இல்ல" என்றாய். "யாரும் இல்லன்னா?" "அப்பா இருக்கார். அவர் இதெல்லாம் பாக்க மாட்டார்." அப்புறம்தான் நிமிர்ந்து காமிராவைப் பார்த்தாய். பிறகு, "லோ, அதை ஆஃப் பண்ணு" என்றாய். மறுநாள் பார்த்தால் அந்த இடம் வெட்டப்பட்டிருந்தது. லொரெய்னே அப்லோட் பண்ணப் பழகிவிட்டதால், நீ பார்ப்பதற்கு முன்னாலேயே அது வெளியே போய்விட்டது என்று பிறகு சொன்னாய். ஆனால் முதல் நாளே நான் பார்த்துவிட்டேன் மா.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக வெப்சைட்டில் எழுதினேன். அதற்கு ஒரு பேர் வைக்கச் சொன்னது, பாஸ்வேர்ட் கேட்டது, கோணல்மாணலாக இருந்த எழுத்துகளைப் படித்துத் திருப்பி அடிக்கச் சொன்னது. எல்லாம் பண்ணினேன். "நான் பார்க்கிறேன். எல்லாவற்றையும். நான் நஸ்ரினின் அப்பா" என்று ஆங்கிலத்தில் டைப் பண்ணி அனுப்பினேன். நிர்வாகியின் அனுமதிக்குப் பிறகு உங்கள் கருத்து வெளியாகும் என்று வந்தது. நிர்வாகி நீதான். காத்திருந்தேன். மறுநாள் அந்தப் படத்துக்குக் கீழே வேறு யார் யாரோ எழுதியதெல்லாம் வந்திருந்தது. என்னுடையது இல்லை. அந்த வாரம் முழுக்க லேபிலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் போய்ப் பார்ப்பேன். இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினாய். "சாப்டீங்களா வாப்பா?" "சாப்டேன். நீ?" "யா." நீயும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த போனை வைத்த பிறகு இந்த வீடு வெறிச்சென்று இருந்த மாதிரி, உன் உம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றைக்குக்கூட இருந்ததில்லை. அன்றைக்கு நீயாவது மாடியில் இருந்தாய். என் மகளுக்கு என்னைத் தன் ஆட்களுக்குக் காட்ட இஷ்டமில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

சீசன் முடியப்போகும் நேரத்தில் லீவு போட்டுவிட்டு டெக்சாஸுக்கு வந்தேன். அங்கே கேட்டி என்ற ஊரில் இருக்கும் ஷேக் மாமாவுக்கு மட்டும்தான் சொன்னேன். அவன்தான் ஏர்போர்ட்டுக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய், அடுத்த நாள் சாயங்காலம் அரங்கத்துக்கும் ஓட்டிக்கொண்டு வந்தான். மேல் வரிசைகளில் பாதி காலி. கீழே நீ ஓடிக்கொண்டிருந்தாய். கறுப்பு டி-ஷர்ட், தோளில் பை குதிக்கிறது, கூடைக்குக் கீழே போய்க் குந்துகிறாய், எழுந்து இந்தப் பக்கம் ஓடி வருகிறாய். அந்தப் பெண்கள் நடுவில் நீ எவ்வளவு சின்னவளாக இருந்தாய்! ஷேக் என் முழங்கையை இடித்தான். "மச்சான், பந்து அந்தப் பக்கம் போயிருச்சு." "போகட்டும்" என்றேன்.

ஆட்டம் முடிந்ததும், "பாத்துட்டேன், போலாம்" என்றேன். "லூசாப்பா நீ?" என்றான் ஷேக். "இவ்வளவு தூரம் வந்துட்டு புள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசாமப் போவியா? இறங்குடா." எப்படி இறங்கிப் போய் உன்னைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. ஓரமாக ஒரு வரிசை நின்றது, நானும் போய் நின்றுகொண்டேன். அது லொரெய்னிடம் கையெழுத்து வாங்குகிற வரிசை. என் முறை வந்ததும் பேனாவை வைத்துக்கொண்டு, "யார் பேருக்குப் போடணும்?" என்றாள். எனக்கு வேறு பேர் எதுவும் வாயில் வரவில்லை. "நஸ்ரின்" என்றேன். அவள் எழுத ஆரம்பித்து, நிறுத்தி, அவ்வளவு உயரத்திலிருந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். "நாஸோட டாடியா நீங்க?" என்றாள். நான் தலையாட்டினேனோ இல்லையோ, அந்த அரங்கமே அதிரும்படி "நாஸ்!" என்று ஒரு சத்தம் போட்டாள்.

நீ திரும்பினாய். காமிராவைப் பிடித்தபடியே வந்தாய். உன் முகம் வெளுத்துவிட்டது. "வாப்பா? என்ன ஆச்சு? யாருக்கு என்ன?" என்றாய். யாரோ மவுத்து என்று சொல்ல வந்திருப்பதாக நினைத்துவிட்டாய். நாம் ஒருவரையொருவர் தேடிப்போவது வேறெதற்கும் இல்லை என்று நமக்குப் பழகியிருந்தது. "ஒண்ணும் ஆகல மா" என்றேன். "கேம் பாக்க வந்தேன்."

ஷேக்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பக்கத்திலிருந்த டைனருக்கு நாம் மூன்று பேரும் போனோம். பசி என்று லொரெய்னும் கூடவே வந்துவிட்டாள். நான் முட்டை சொன்னேன், நீ ஒன்றும் வேண்டாம் என்றாய், அவள் உனக்கும் சேர்த்துச் சொன்னாள். அவள்தான் பேசினாள். குளிர்காலத்தில் இங்கே ஆட்டம் இல்லாததால் துருக்கிக்குப் போய் ஆடுவாளாம். அங்கே சமையல் மேஜை மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிடுவாளாம், லூசியானாவில் அவள் அம்மாவும் திறந்து வைத்துக்கொள்வாராம். "என்ன பேசுவீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் பேச மாட்டோம் சார். அம்மா அவங்க வேலையப் பாப்பாங்க, நான் என் வேலையப் பாப்பேன். அங்க பாத்திரம் உருள்ற சத்தம் கேக்கும், அது போதும்" என்றாள். சாப்பிட்டுவிட்டு, காலுக்கு ஐஸ் வைக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள். அவள் போனதும் மேஜை சட்டென்று காலியாகிவிட்டது. நம் பழைய மௌனம் வந்து உட்கார்ந்துகொள்ளும் முன் எப்படியாவது கேட்டுவிட வேண்டும் என்று கேட்டுவிட்டேன். "நான் எழுதினதை நீ ஏன் போடல மா?"

நீ தட்டை ஓரமாக நகர்த்தினாய். பிறகு பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் திறந்து என் பக்கம் திருப்பினாய். அனுமதிக்காகக் காத்திருக்கிற பகுதியில் என் வரி மட்டும் தனியாக இருந்தது. மற்ற எல்லாவற்றையும் நீ வெளியே போட்டுவிட்டிருந்தாய். "அப்ரூவ் பண்ணா எல்லாரும் படிப்பாங்க, வாப்பா" என்றாய். "இது எனக்கு வந்தது." பிறகு, "டெய்லி ஓபன் பண்றப்ப இது இருக்கும்" என்றாய். நான் முட்டையில் மிளகைப் போட்டேன். ஏற்கெனவே போட்டிருந்தேன்.

அப்போது நீ கேட்டாய், தமிழில். "வாப்பா, நீங்க ஃபர்ஸ்ட் டைம் இந்த கன்ட்ரிக்கு வந்தப்ப எப்படி இருந்துச்சு?" என் மகள் என்னைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. சாப்டீங்களா என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. "நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். நீ உடனே அடுத்த பேச்சுக்குப் போகவில்லை. பேசாமல் காத்திருந்தாய். ஆட்டக்காரர்களிடமும் அப்படித்தான் செய்வாய், வீடியோவில் பார்த்திருக்கிறேன். நீ சும்மா இருப்பாய், அந்தச் சும்மாவைத் தாங்காமல் அவர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது தெரிந்திருந்தும் வாய் வரவில்லை. கேட்டிக்கு நீயே என்னை டிரைவ் பண்ணிக் கொண்டுபோய் விட்டாய்.  இறங்கும்போது என் பையை நீ தூக்கிக்கொண்டு வந்தாய்.

அதற்கு அடுத்த குளிர்காலத்தில் டீமை மூடிவிட்டார்கள். நடத்த ஆள் கிடைக்கவில்லை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் வழக்கம்போல உட்கார்ந்தேன், பக்கம் இல்லை என்று வந்தது. தப்பாக அடித்துவிட்டேன் என்று மறுபடி அடித்தேன். இல்லை. உன் சிரிப்பு, லொரெய்னின் ஷூ, எழுத்துப்பிழைகள் எதுவும் இல்லை. ஒரு படத்தைக்கூட நான் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. வெப்பில் போட்டால் அங்கேயே இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை, ஆனாலும் நானே உனக்கு போன் பண்ணினேன். "எல்லாம் போயிருச்சா மா?" "சர்வரை க்ளோஸ் பண்ணிட்டாங்க வாப்பா" என்றாய். அப்புறம் அழுதாய்.  நான் போனை வைக்கவில்லை. நீ அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, தண்ணீர் குடித்து வந்த பிறகும் நான் இருந்தேன்.

அப்புறம் நீ ஃப்ரீமான்ட் இருக்கும் பே ஏரியாவுக்கு வேலைக்குப் போனாய். இப்போது ஆட்டக்காரர்கள் எல்லாரும் தாங்களே போனைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டது தூங்கியது வரைக்கும் உலகத்துக்கு எழுதுகிறார்கள், அதைக் கற்றுக்கொடுப்பதே உன் கம்பெனிக்கு வேலை என்கிறாய். "வீ வன், வாப்பா, ஜெயிச்சிட்டோம்" என்று சிரித்தாய். சந்தோஷம்தான். ஆனால் காமிராவுக்குப் பின்னால் ஆள் தேவையில்லை என்று ஆகிவிட்டது. எனக்குக் கேட்டுக்கொண்டிருக்க ஒன்றும் இல்லை. லொரெய்ன் சொன்ன மாதிரி ஞாயிற்றுக்கிழமைகளில் நாமும் லேப்டாப்பைத் திறந்து வைத்துப் பார்த்தோம். நீ துணி மடிப்பாய், நான் வெங்காயம் நறுக்குவேன். நன்றாகத்தான் இருந்தது. கல்யாண வேலை வந்ததும் அது குறைந்துவிட்டது. உன்மேல் குறை இல்லை, கல்யாணம் என்றால் அப்படித்தான்.

நீ அந்த டைனரில் கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். நான் இங்கே வந்தது குளிர்காலத்தில். நியூ பிரன்ஸ்விக்கில் ஒரு பழைய வீட்டு மாடியில் ஒற்றை அறை. லேபில் யாரும் என்னிடம் வேலையைத் தவிர வேறு பேசமாட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை கதவைச் சாத்தினால் திங்கட்கிழமை காலைவரை என் குரலை நானே கேட்கமாட்டேன். மாடிப்படிக்குக் கீழே எல்லாருக்கும் பொதுவாக ஒரு போன் இருந்தது. அதில் ஒரு நம்பரைச் சுழற்றினால் ஒரு பெண் மணி என்ன என்று சொல்லுவாள். பதிவு பண்ணி வைத்த குரல்தான். என் கையில் வாட்ச் இருந்தது. எனக்கு மணி தெரிய வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கீழே இறங்கிப் போய்ச் சுழற்றி, அந்தப் பெண் சொல்வதைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டு நிற்பேன். ஒரு தடவை "தேங்க் யூ" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். இதை உன் உம்மாவிடமும் சொன்னதில்லை. சிரிப்பாளோ என்று பயம் இல்லை, அழுதுவிடுவாளோ என்றுதான். நல்லாத்தான் இருந்துச்சு என்று உன்னிடம் சொன்னேனே, இதுதான் அந்த நல்லா.

உனக்குச் சொல்ல எனக்கு வேறு புத்திமதி இல்லை மா. ஃபர்ஹான் நல்ல பையன், ஆனால் அவனும் ஒரு நாள் வேலையிலிருந்து வந்து நல்லாத்தான் இருந்துச்சு என்பான். அதை அப்படியே எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விடாதே. நீ காத்திருக்கிற மாதிரி காத்திரு. அவன் உன்னைக் கேட்டால் நீயும் யாரும் இல்ல, ஒண்ணும் இல்ல என்று சொல்லித் தப்பிக்காதே. நாளைக்குப் பிள்ளைகள் பிறந்தால், ஒருத்தர் சொல்வதை இன்னொருத்தர் மற்றவருக்கு எடுத்துச் சொல்கிற வீடாக அதை வைத்துக்கொள்ளாதே. எடுத்துச் சொல்கிறவர் போய்விட்டால் மிச்சமிருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று உனக்குத் தெரியும்.

நிக்காஹ் அன்றைக்கு நான் இரண்டு சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு நீ இருக்கும் அறைக்கு வருவேன். ஷேக் ஒரு சாட்சி, வருவதாகச் சொல்லிவிட்டான். உன் பேரையும் ஃபர்ஹான் பேரையும் அவன் உனக்குத் தருகிற மஹரையும் சொல்லி, சம்மதமா என்று நான்தான் உன்னிடம் கேட்க வேண்டும். கல்யாணப் பெண் தலையைக் குனிந்து உதட்டை அசைத்தால் போதும் என்பார்கள். உன் உம்மாவும் அப்படித்தான் செய்தாளாம். அவள் என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை, சுற்றி இருந்த பெண்கள் "சொல்லிட்டா, சொல்லிட்டா" என்று முடித்துவிட்டார்களாம். நீ அப்படிச் செய்யாதே. நான் கேட்டதும் முக்காட்டை ஒதுக்கி, என் முகத்தைப் பார்த்து, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல். அவசரம் இல்லை. யோசித்துச் சொல்ல நேரம் வேண்டுமென்றால் எடுத்துக்கொள், ஹாலில் இருப்பவர்கள் இருக்கட்டும், பிரியாணி ஆறினால் ஆறட்டும். நீ என்ன சொல்கிறாய் என்று எனக்குக் கேட்கிறவரைக்கும் நான் அங்கேதான் நின்றுகொண்டிருப்பேன்.

வாப்பா